மே மாதம் வந்தால் எறணாகுளத்தில் ரூம் வாடகை ஏன் இரட்டிப்பாகிறது?

2025 ஏப்ரல் 20 – வாசகர் கேள்வி (பாலக்காடு சித்தூரிலிருந்து)

பிப்ரவரியில் எறணாகுளம் வடக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் 1,300 ரூபாய்க்கு ஏசி ரூம் போட்டோம். பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று, மெட்ரோவும் வாட்டர் மெட்ரோப் படகும் காட்டலாம் என்று மே 3-ஆம் தேதிக்கு அதே லாட்ஜில் கேட்டால் 2,900 என்கிறார்கள். அதே கட்டில், அதே ஜன்னல், அதே சொட்டுகிற குழாய். இதைக் கொள்ளை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 21 – பதில்

2014 முதல் 2020 மார்ச் வரை எறணாகுளத்தில் 32 ரூம் உள்ள ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். பெரும்பாலும் நைட் டியூட்டி. சொந்த ஊர் புளியரை. செங்கோட்டை தாண்டி, கேரளத்துக்கு மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். குற்றாலத்தில் மாமனார் வீட்டு மாடியில் நாலு ரூம் சீசனுக்கு விடுகிறோம். பத்து வருஷமாக ரேட் சொல்வதுதான் என் வேலை.

பால் மிஞ்சினால் உறை ஊற்றலாம். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. கூட்டம் வந்துவிட்டதே என்று 33-ஆவது ரூமை அன்று சாயங்காலம் கட்டவும் முடியாது. இருப்பது 32. கேட்கிறவர்கள் 20 பேர் என்றால் நான் இறங்கிப் போவேன், 60 பேர் என்றால் வாடகை ஏறும்.

குற்றாலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஜூனில் சாரல் விழ ஆரம்பித்ததும் "தண்ணி விழுதா அண்ணாச்சி?" என்று போன் வரத் தொடங்கும். ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகிறது என்று சொன்னால் வெள்ளிக்கிழமை ரூம் கிடையாது. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அன்று சாயங்காலமே பாதி ரேட். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போன பிறகு, கேட்க ஆளே இல்லாமல் கிடந்தது. யாரும் கூடி உட்கார்ந்து விலை பேசி இறக்கவில்லை, தானாக இறங்கியது.

ஏப்ரல் 22

நேற்று "ஏன் மே மாதம்" என்பதை விட்டுவிட்டேன்.

கேரளத்தில் மார்ச் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். தமிழ்நாட்டில் ஏப்ரல் பிற்பாதியில்தான் பெரிய லீவு தொடங்குகிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வீட்டில் இருப்பது ஏப்ரல் கடைசியும் மே முழுவதும்தான். சித்திரை, வைகாசிக் கல்யாணங்களும் அப்போதுதான். நம் பக்கம் மட்டும் இல்லை, கேரளத்தில் மேட மாதக் கல்யாணமும் சேர்ந்துகொள்ளும். கல்யாண வீட்டார் லாட்ஜில் பத்து ரூமை மொத்தமாகப் பிடித்துவிட்டால் கணக்கில் 22-தான் மிச்சம்.

அப்புறம் மூணாறு கூட்டம். நெடும்பாசேரி விமான நிலையத்தில் ராத்திரி இறங்குகிறவர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள மூணாறு பாதையை இருட்டில் ஏறப் பயந்து ஒரு ராத்திரி நகரத்தில் தங்குவார்கள். இறங்கி வரும்போதும் ஒரு ராத்திரி. பிள்ளைகளுக்கு ஆபரேஷன், பல், கண் என்று தள்ளிப்போட்டதையெல்லாம் லீவில் பார்க்கிறவர்கள் தென்காசி, சுரண்டை, கடையநல்லூரிலிருந்துகூட எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருவார்கள். ஊர் சுற்ற வந்தவரும் மருந்துச் சீட்டோடு வந்தவரும் எங்கள் கவுண்டர் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

உங்கள் தேதியையும் பாருங்கள். மே 3 சனிக்கிழமை. மறுநாள் நீட் தேர்வு. 2,900 சொன்னவர் உங்கள் குடும்பத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்தத் தேதியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 24

லாட்ஜ்காரர் தரப்புக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். நான் இருந்த காலத்து எண்கள், முழு எண்ணாக மாற்றியது.

கட்டட வாடகை, ஒன்பது பேர் சம்பளம், லிஃப்ட், பொது கரண்ட், மாநகராட்சி வரி எல்லாம் சேர்த்து மாதம் ஐந்து லட்சம். ஒரு ரூம்கூட நிறையாவிட்டாலும் நாளைக்குச் சுமார் 16,700 போயே தீரும். ரூம் விற்றால் கூடுதலாக ஆவது பெட்ஷீட், டவல் சலவை, சோப்பு, தண்ணீர், ஏசி கரண்ட்: 250 ரூபாய்க்குள். அடை மழைக் காலத்தில் நாளைக்குப் பத்து ரூம்தான் போகும். 1,200 வீதம் 12,000. சலவைச் செலவு 2,500 போக 9,500. அன்றைய நஷ்டம் 7,200. ஜூன், ஜூலை அறுபது நாளில் இது நாலு லட்சத்தைத் தாண்டும்.

மே மாதத்தில் சம்பாதித்தால்தான் அந்தக் குழி மூடும். இதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 26

ஒருவர் என் எண்களை வைத்தே என்னை மடக்கியிருக்கிறார். அவர் கணக்கு இது: சீசனில் 32 ரூமும் நிறைகிறது என்கிறீர்கள். அதே 1,200-க்கு விற்றாலும் ரூமுக்கு 950 நிற்கும், 32-க்கு 30,400. நிலையான செலவு 16,700 போக நாளைக்கு 13,700 லாபம். 45 நாளில் ஆறு லட்சத்துக்கு மேல். மழைக்கால நஷ்டம் நாலு லட்சம்தானே, ஒரு ரூபாய்கூட ஏற்றாமலே குழி மூடிவிட்டதே.

உட்கார்ந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அவர் கணக்கு சரி. 45 நாளும் முழுதாக நிறையாது, செவ்வாய் புதனில் ஆறேழு ரூம் காலியாகத்தான் இருக்கும் என்று வாதாடலாம். அப்படிக் குறைத்துப் போட்டாலும் விடை பெரிதாக மாறவில்லை.

ஆக, 24-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். செலவு விலையை ஏற்றவில்லை. மழைக்காலத்தில் விலை இறங்கும்போதும் அதே சம்பளம், அதே கட்டட வாடகைதான். விலை ஏறுவதற்குக் காரணம் வெளியே நிற்கிற வரிசை. சலவை, கரண்ட், சம்பளம் எல்லாம் ஏறிய விலைக்கு நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும் சமாதானம். ஆறு வருஷம் நானும் அதைத்தான் சொன்னேன், நம்பித்தான் சொன்னேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீசன் என்பது உறுதியான வரவு கிடையாது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா என்றதும், எறணாகுளத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லாதபோதே புக்கிங் கேன்சல் ஆனது. அதே வருஷம் ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 2020 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் வேலையே போனது. "இந்த மே கிடைத்தது, அடுத்த மே கிடைக்குமோ" என்ற பயம் உரிமையாளர்களுக்கு உண்டு. அந்தப் பயமும் ரேட்டில் ஏறி உட்காரும்.

ஏப்ரல் 30

"பெரிய நகரம் என்றாலே கோடையில் ஏறும்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

சென்னையில் மே மாதம் வேலை இல்லாமல் யார் போய்த் தங்குவார்கள்? அங்கே மார்கழிதான் சீசன்: சபாக்களில் கச்சேரி, வெளிநாட்டிலிருந்து ஊர் வருகிறவர்கள், தையில் கல்யாணம். டெல்லியும் மே வெயிலில் இறங்கிவிடும். பெங்களூரில் ஐடி ஆட்கள் வருகிற திங்கள் முதல் வியாழன் வரைதான் விலை. இந்த பிப்ரவரியில் எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்த நாலைந்து நாளில் அந்தப் பக்கம் ரூம் தேடியவர்களுக்குக் கூட்டம் வந்தால் விலை என்ன ஆகும் என்று தெரியும். அகமதாபாத்தில் 2023 அக்டோபர் 14, இந்தியா பாகிஸ்தான் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு ரூம் விலை போன போக்கில், உடம்பு பரிசோதனை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டவர்கள் உண்டு என்று செய்தியே வந்தது. அது கோடையும் இல்லை, லீவும் இல்லை.

கொச்சிக்கே உச்சம் மே கிடையாது. டிசம்பர் கடைசி வாரம்தான். கோட்டைக் கொச்சியில் புத்தாண்டு ராத்திரி பப்பாஞ்ஞி என்ற பெரிய உருவபொம்மையை எரிப்பதைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு முன்னால் மே ஒன்றுமே இல்லை. மே மாதத்தில் பெரிய நட்சத்திர ஓட்டல்கள் அவ்வளவாக ஏறுவதில்லை. அவர்களுடைய வெளிநாட்டு விருந்தாளிகள் மார்ச்சோடு கிளம்பிவிடுவார்கள். ஏறுவது 1,000 முதல் 3,000 வரையுள்ள எங்கள் மாதிரி லாட்ஜுகளில். நம் ஆட்கள் லீவில் வந்து தங்குவது அங்கேதான். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

லண்டன் வேறு கதை. வருஷத்தில் வெயில் இதமாக இருப்பதும் பள்ளி மூடுவதும் அங்கே ஒரே சமயத்தில் வருகிறது, ஜூலை ஆகஸ்டில். பாரிஸில் பாதிப் பேர் ஆகஸ்டில் ஊரைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவதால் ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள் தங்கும் ஓட்டல்கள் இறங்கும். கோடை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். அந்த ஊருக்கு அப்போது யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மே 4, இரவு

இன்று நீட். காலையில் செங்கோட்டை ஸ்டேஷனில் ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் பார்த்தேன். அதிலிருந்து 2018 ஞாபகமாகவே இருக்கிறது.

அந்த வருஷம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு எறணாகுளத்தில் தேர்வு மையம் போட்டுவிட்டார்கள். நீதிமன்றத்தில் கடைசி வாரம் வரை இழுபறி. தமிழ்நாட்டிலேயே மாற்றிவிடுவார்கள் என்று நம்பியிருந்தவர்கள், இல்லை என்று தெரிந்ததும் கிடைத்த ரயிலில் ஏறி வந்தார்கள். தேர்வு மே 6, ஞாயிறு. 5-ஆம் தேதி மத்தியானத்திலிருந்து வடக்கு ஸ்டேஷனில் இறங்கி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார்கள். கையில் மகனோ மகளோ, தோளில் ஒரு பை, மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. கவுண்டரில் நான் தமிழில் பேசியதும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருவாரூர்ப் பக்கம் என்றார்.

எங்கள் லாட்ஜில் அப்போது 1,100 ரேட். மூன்று மணிக்கு உரிமையாளர் போன் செய்து 1,800 சொல்லச் சொன்னார். ஆறு மணிக்கு மறுபடியும் ஏற்றினார். நான் சொன்னேன். சம்பளம் வாங்குகிறவன், சொன்னேன். ஒரு அம்மா என்னிடம், "தம்பி, காலைல ஏழரை மணிக்கு உள்ள போகணும், பிள்ளை ராத்திரி தூங்கினா போதும், நான் வராண்டாவுல உட்கார்ந்துக்கிடுதேன், பாதி ரேட் போடுங்களேன்" என்றார். வராண்டாவில் யாரையும் விடக்கூடாது என்று ஆர்டர். ரூம் பாய்தான் தன் அறையைக் காலி செய்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தான். அவன் மலையாளி, பத்தொன்பது வயது. மாடிப்படியில் பெஞ்சைப் போட்டுத் தூங்கினான்.

கேரள அரசு ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் உதவி மையம் வைத்திருந்தது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளை மையத்தில் விட்டார்கள். மறுநாள், மகனைத் தேர்வு எழுதக் கூட்டி வந்த தந்தை ஒருவர் எறணாகுளத்திலேயே மாரடைப்பில் இறந்தார் என்ற செய்தி வந்தது. எங்கள் லாட்ஜில் தங்கியவர் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ரூமைக் காலி செய்ய வந்த ஒவ்வொரு அப்பாவின் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேவை ஏறினால் விலை ஏறும் என்று 21-ஆம் தேதி எழுதினேன். இப்போதும் அதை மறுக்கவில்லை. ஊர் சுற்ற வருகிறவர் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வருவார், அல்லது வரவே மாட்டார். அந்த அம்மா அடுத்த வாரம் வர முடியாது. ஆபரேஷன் தேதி வாங்கியவரும் வர முடியாது. தேதியை மாற்ற முடியாதவரிடம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விலையை ஏற்றுவதை மே மாத லீவு விலையோடு சேர்த்து ஒரே பெயரில் சொல்லக்கூடாது.

மே 5

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ரூம் பாய்க்கு இன்று போன் செய்தேன். இப்போது களமச்சேரியில் ஒரு ஓட்டலில் சூப்பர்வைசர். ஆறு மணிக்கு ஏற்றியது 2,200 என்று அவனுக்கு நினைவிருக்கிறது, ஒன்பது மணிக்கு 2,500. 1,100 ரூம். அந்தப் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததா என்று அவன் என்னைக் கேட்டான்.

மே 11

"யார் உட்கார்ந்து மாற்றுகிறார்கள், மனிதனா கம்ப்யூட்டரா?" என்று கேட்டவருக்கு.

2018 வரை எங்களிடம் கறுப்பு மரப்பலகையில் வெள்ளை பெயின்டில் எழுதிய ரேட் போர்டு. உரிமையாளர் போனில் சொல்வதுதான் சீசன் ரேட். அப்புறம் ஆன்லைன் புக்கிங் ஆப்களையெல்லாம் சேர்த்து ஓட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் போட்டார். அதில் படி வைத்திருப்பார்கள்: 32-இல் 16 போனால் ஒரு விலை, 24 போனால் அடுத்த விலை, கடைசி நாலு ரூமுக்கு இன்னொன்று. பக்கத்து லாட்ஜ்களின் விலையையும் காட்டும்.

இந்த வித்தை விமானக் கம்பெனிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஒரே விமானத்தில் ஒரே மாதிரி சீட்டுக்குப் பத்து விலை என்பது அதன் பிறகுதான் வளர்ந்தது. 1980-களில் மாரியட் மாதிரி ஓட்டல் கம்பெனிகள் அதை ரூமுக்குக் கொண்டுவந்தன. நம் ஊரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பரில் வந்ததே, பத்து சதவீத இடம் போகப் போகக் கட்டணமும் பத்து சதவீதம் கூடி ஒன்றரை மடங்கு வரை போகும் என்று, அதே ஏற்பாடுதான். தீபாவளிக்கு ஆம்னி பஸ்ஸில் பார்ப்பதும் இதுதான்.

நைட் டியூட்டியில் கற்றுக்கொண்ட இரண்டு விஷயம். ஆப்பில் போகிற ரூமுக்குக் கமிஷன் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை போகும். ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு லாட்ஜுக்கே போன் செய்து, "நேரா வந்தா என்ன ரேட்?" என்று கேளுங்கள். அந்தக் கமிஷனில் பாதியையாவது விட்டுக்கொடுக்க ரிசப்ஷனுக்கு அனுமதி இருக்கும். இரண்டாவது, ஞாயிறு ராத்திரி. லீவுக் கூட்டம் ஞாயிறு மத்தியானம் காலி செய்துவிடும், வேலையாக வருகிறவர்கள் திங்கள்தான் வருவார்கள். நான் இருந்த ஆறு வருஷமும் வாரத்திலேயே மெலிந்த ராத்திரி அதுதான்.

மே 25

கேரளத்தில் நேற்றே மழை இறங்கிவிட்டது. மே 24. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, மூணாறு போக இருந்தவர்கள் எல்லாம் யோசிக்கிறார்கள். களமச்சேரித் தம்பியிடம் கேட்டேன், இந்த வாரம் மட்டும் பதினோரு ரூம் கேன்சலாம்.

"காசு திரும்பக் கிடைக்காது" என்று போட்டிருக்கிற மலிவு ரேட்டை எடுத்தவர்கள் இன்று மாட்டிக்கொண்டிருப்பார்கள். மே கடைசி வாரத்துக்கு அந்த ரேட்டை எடுக்காதீர்கள். நூறு இருநூறு கூடக் கொடுத்து, முந்தின நாள் வரை கேன்சல் செய்யலாம் என்பதை எடுங்கள்.

ஜூன் 14

குற்றாலம் பக்கம் கொஞ்சம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதையும் இங்கேதான் எழுத வேண்டும்.

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சாத்தூரிலிருந்து ஒருவர் போனில் கேட்டார், 1,500 என்று சொன்னேன். அட்வான்ஸ் கேட்கவில்லை, அவரும் அனுப்பவில்லை. சாயங்காலம் வந்து சேர்வதற்குள் தெரு முழுக்க வண்டி. வாசலில் நாலு பேர் 2,500 தருகிறேன் என்று நிற்கிறார்கள். சாத்தூர்க்காரர் காரிலிருந்து இறங்கினார், கூடவே வயதான அம்மா, படியைப் பிடித்துக்கொண்டு. நான் 2,200 என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ராத்திரி என் மனைவி, "போன்ல ஒண்ணு சொல்லிட்டு வாசல்ல ஒண்ணு சொல்றது எந்த ஊர்ப் பழக்கம்?" என்று கேட்டாள். எறணாகுளத்தில் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் வந்த போன் அப்போது ஞாபகம் வந்தது. காலையில் அவர் கிளம்பும்போது 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "அடுத்த வருஷமும் வாரோம்" என்று அம்மாதான் சொன்னார்.

அதிலிருந்து மாடிப்படிச் சுவரில் பெயின்டில் எழுதிவைத்துவிட்டோம். ஞாயிறு முதல் வியாழன் வரை 1,200. வெள்ளி, சனி 1,800. சீசன் மூன்று மாதமும் அதுதான். சனிக்கிழமை கூடுதல் வாங்குகிறோம், மறைக்கவில்லை. சனிக்கிழமைக்குத்தான் கூட்டம், அதற்கு அந்த விலை. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர்களுக்குத் தெரிய வேண்டும், வாசலில் வந்து தெரியக்கூடாது. ஏப்ரலிலிருந்து நான் சுற்றிச் சுற்றிச் சொல்ல வருவது இதைத்தான் என்று நினைக்கிறேன். சித்தூர் வாசகர் பத்து நாளுக்கு மேல் முன்னாலேயே 2,900 என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று விட்டார். அது வேறு. திருவாரூர்க்காரருக்கு நடந்தது வேறு.

இன்று இருக்கிற கூட்டத்துக்கு 2,500 வாங்கியிருக்கலாம்தான். வாங்கவில்லை. நாலு ரூமுக்கு 2,800 ரூபாய். சின்னத் தொகை இல்லை எங்களுக்கு.

ஜூன் 15

"ஊட்டி, கொடைக்கானலில் வண்டிக்குக் கணக்கு வைத்தார்களே, அதனால் ரேட் இறங்கியதா?" என்ற கேள்விக்கு. உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் இ-பாஸ். இந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எண்ணிக்கையும் வைத்துவிட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அங்கே உள்ள விலையைப் பற்றி அங்கே இருப்பவர்கள் எழுதட்டும். எங்களிடம் தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து போன் கூடியிருக்கிறது. ஒரு வாசலைச் சாத்தினால் ஆட்கள் வீட்டில் உட்காருவதில்லை, அடுத்த வாசலுக்கு வருகிறார்கள். அந்த ஊர் ரூம் அப்போது ஏறும்.

   

செப்டம்பர் 24

வரி மாறியிருக்கிறது, எழுதாமல் விட்டால் பழைய கணக்கு தப்பாகிவிடும். நேற்று முன்தினம், 22-ஆம் தேதி முதல், ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம். அதற்கு மேல் பழையபடி 18. ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள ரூமுக்கு 2022 ஜூலை 18-க்கு முன்னால் வரியே கிடையாது, அன்றிலிருந்து 12 ஆனது. அதுவும் இப்போது 5. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் உள்ளவர்கள் பதிவே செய்ய வேண்டியதில்லை, எங்களைப் போல.

சீசனில் இது எப்படி வேலை செய்யும் என்றால், 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770. சீசன் என்று 7,600 ஆக்கினால் 8,968. லாட்ஜுக்குக் கூடியது 200, உங்களுக்குக் கூடியது 1,198. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ரூம் பார்த்தால் வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள். 5 சதவீதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. லாட்ஜ்காரர் சலவைக்கும் பெயின்டுக்கும் ஏசி ரிப்பேருக்கும் கட்டுகிற வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் வரி இறங்கிய ஏழு சதவீதமும் அப்படியே உங்கள் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், சிலர் அடிப்படை வாடகையில் கொஞ்சம் ஏற்றுவார்கள். ஆனால் கொஞ்சமாவது இறங்க வேண்டும். பழைய பில் இருந்தால் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

சித்தூர் வாசகர் எழுதியிருக்கிறார். மே மாதப் பயணத்தை விட்டுவிட்டு ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ராத்திரி போனார்களாம். திங்கள் ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு போட்டு, ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வைப்பினுக்கு வாட்டர் மெட்ரோவில் மழைக்குள்ளேயே இரண்டு தடவை போய் வந்திருக்கிறார்கள். போனில் நேராகக் கேட்டதில் 1,150-க்கு ரூம். வரி அப்போது 12, மொத்தம் 1,288. குழாய் இன்னும் சொட்டுகிறதாம்.